17சி நகல் கையில் இருக்கிறது, வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் எனக்கு. சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வேட்பாளருக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். எண்ணிக்கை அன்றும் மேசையில் இருந்தேன். வாக்குப்பதிவு முடிந்ததும் வாங்கிய 17சி (சாவடியின் வாக்குக் கணக்குப் படிவம்) நகலில் எங்கள் சாவடியில் பதிவான மொத்த வாக்கு 742 என்று இருக்கிறது. எண்ணும்போது கன்ட்ரோல் யூனிட் (ஓட்டுகளைப் பதிந்து வைத்திருக்கும் இயந்திரம்) 792 காட்டியது. எழுந்து சொன்னேன். ‘குறித்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டு அதையே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஆள் 611 வாக்கில் தோற்றுப்போனார். முடிவு அறிவித்து 19 நாள் ஆகிறது. மதுரையில் ரிட் போடலாம் என்கிறார் ஒருவர். சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர், மெஷினை செல்போன் வைத்து மாற்றுவதுபோல ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். அதை ஆதாரமாகக் கொடுக்கலாமா? இல்லை, தேர்தல் அதிகாரியின் பெயரைப் போட்டு எல்லாவற்றையும் பேஸ்புக்கில் எழுதிவிடட்டுமா? வேட்பாளரோ ‘விட்டுத்தள்ளுப்பா’ என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை.

பதில்:

தம்பி, முதலில் நாளைக் கவனியுங்கள். வெற்றி பெற்றவர் யார் என்று அறிவித்த தேதியிலிருந்து 45 நாளுக்குள் தேர்தல் மனு உயர் நீதிமன்றத்துக்குள் போயிருக்க வேண்டும். 19 போனால் மிச்சம் 26. மற்ற வழக்குகளில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். தேர்தல் மனுவில் அதற்கு இடமே கிடையாது. காலவரம்புச் சட்டத்தின் அந்தச் சலுகை இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. 46ஆம் நாள் எவ்வளவு நல்ல வழக்கைக் கொண்டுபோனாலும் வாசலோடு திருப்பிவிடுவார்கள். அதனால்தான் இது வெளிவரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று இந்தப் பதிலைத் தனியாகவும் உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

ரிட் யோசனையை விட்டுவிடுங்கள். தேர்தலைத் தேர்தல் மனு வழியாக மட்டுமே எதிர்க்கலாம் என்று அரசமைப்பின் 329ஆம் பிரிவு சொல்கிறது. முதல் பொதுத்தேர்தல் சமயத்தில் நம் நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள். அவர் ரிட் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் நடைமுறைக்குள் ரிட் நுழைய முடியாது, எல்லாம் முடிந்தபின் மனுவாகக் கொண்டுவா என்று 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இன்றுவரை அதுதான் சட்டம். ரிட் போட்டு அது தள்ளுபடியாகி வரும் நேரத்தில் உங்கள் 26 நாளும் தீர்ந்துபோயிருக்கும்.

வேட்பாளர் ‘விட்டுத்தள்ளு’ என்றாலும் வழி அடைபடவில்லை. அந்தத் தொகுதியின் வாக்காளர் யாரும் மனு போடலாம், அவர் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றுகூடக் கிடையாது. காப்புத்தொகை 2,000 ரூபாய். மனுவின் ஒவ்வொரு நகலிலும் ‘உண்மை நகல்’ என்று நீங்களே கையெழுத்திட வேண்டும். காப்புத்தொகையை விட்டுவிட்டாலோ, சேர்க்க வேண்டிய எதிர்மனுதாரரைச் சேர்க்காமல் விட்டாலோ, விசாரணைக்கே போகாமல் மனு விழுந்துவிடும். தேர்தல் வழக்கு நடத்தி அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 742, 792. வித்தியாசம் சரியாக 50. இந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு மாக் போல், அதாவது சோதனை வாக்குப்பதிவுதான் நினைவுக்கு வந்தது.

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஏஜெண்டுகளை வைத்துக்கொண்டு குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், நீங்களும் பட்டன் அழுத்தியிருப்பீர்கள். பிறகு குளோஸ் அழுத்தி, ரிசல்ட் பார்த்து, விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளை எண்ணிச் சரிபார்த்து, கிளியர் அழுத்த வேண்டும். யூனிட்டில் பூஜ்யம் வந்ததை எல்லோருக்கும் காட்ட வேண்டும். அந்தச் சீட்டுகளின் பின்னால் மாக் போல் என்று முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூடி, விவிபேட் பெட்டி காலியாக இருப்பதையும் காட்டிவிட்டுத்தான் சீல் வைப்பார்கள். காலை அவசரத்தில் கிளியர் அழுத்த மறந்தால் அந்த 50 ஓட்டும் இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கும். அதன்மேல் நாள் முழுக்க விழும் ஓட்டு ஏறிக்கொண்டே போகும். உங்கள் சாவடியில் நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். இப்படி நடக்கும் என்று தேர்தல் ஆணையத்துக்கே தெரியும், அதற்கென்று நடைமுறையும் வைத்திருக்கிறார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் 17சியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அதில் இரண்டு எண் தனித்தனியாக இருக்கும். ஒன்று, 17ஏ பதிவேட்டின்படி ஓட்டுப் போட வந்தவர்கள் எத்தனை பேர். இன்னொன்று, இயந்திரத்தின்படி பதிவான ஓட்டு எத்தனை. அதற்குக் கீழே, இரண்டும் ஒத்துப்போகிறதா, வித்தியாசம் உண்டா என்று ஒரு வரி. இயந்திரத்தின் கணக்கு என்ற இடத்தில் 742 என்று இருந்தால், அன்று மாலை டோட்டல் பட்டனை அழுத்திப் பார்க்காமல், பதிவேட்டில் இருந்த எண்ணையே இரண்டு இடத்திலும் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 792 என்று இருந்து, வித்தியாசம் என்ற வரியில் ஏதாவது குறித்திருந்தால், தவறு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எது என்பதைப் பொறுத்து உங்கள் வழக்கு வேறு வேறு திசையில் போகும். கடிதத்தில் நீங்கள் இதைச் சொல்லவில்லை. முதல் வேலையாக எனக்கு எழுதுங்கள்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. மாக் போல் முடிந்ததும் ஒரு சான்றிதழில் ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். கிளியர் செய்தாயிற்று, யூனிட்டில் பூஜ்யம் காட்டியது என்று அதில் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூண்டில் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பூஜ்யத்தை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, இல்லை நீட்டிய தாளில் கையெழுத்து வைத்தீர்களா என்று நீங்கள் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மனுவிலேயே அதை மறைக்காமல் எழுதுவதுதான் நல்லது.

இப்போது எண்ணிக்கை மேசை. கிளியர் ஆகாத யூனிட்டையோ, 17சியோடு கணக்கு ஒத்துவராத யூனிட்டையோ அந்தச் சுற்றில் சேர்க்காமல் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். எல்லாச் சுற்றும் முடிந்தபின் வெற்றி வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். தனியே வைத்த சாவடிகளின் மொத்த ஓட்டைவிட வித்தியாசம் அதிகம் என்றால் அவற்றை எண்ணத் தேவையில்லை. சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அந்தச் சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ண வேண்டும். உங்கள் தொகுதியில் வித்தியாசம் 611, உங்கள் சாவடி ஓட்டு அதைவிட அதிகம். சீட்டை எண்ணியிருக்க வேண்டும், எண்ணவில்லை. நீங்கள் எழுந்து சொன்னது முழுக்க நியாயம். அந்தக் கூட்டத்தில், அந்த நெருக்கடியில் எழுந்து நின்று சொன்னீர்களே, அதற்காக உங்களை மனசாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் நீதிமன்றம் இதற்குமேல் ஒன்று கேட்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆம் பிரிவில் இந்த வகைக் குறைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. விதி மீறப்பட்டது என்று காட்டினால் போதாது, அதனால் தேர்தல் முடிவே பாதிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். கணக்குப் போடுங்கள். மாக் போலில் எல்லா வேட்பாளருக்கும் மாற்றி மாற்றி அழுத்துவார்கள். அப்படி இல்லாமல் 50 ஓட்டும் வென்றவருக்கே ஏறிவிட்டது என்று உங்களுக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தாலும் அவர் 561 ஓட்டில் ஜெயிக்கிறார். ‘சீட்டை எண்ணினால் வேறு ஏதாவது வரலாம்’ என்று சொன்னால் நீதிபதி ஒப்புக்கொள்ள மாட்டார். உறுதியான விவரம் எதுவும் இல்லாமல், பெட்டியைத் திறந்தால் ஏதாவது கிடைக்குமா என்று துழாவிப் பார்க்க அனுமதிக்கக் கூடாது என்பது 1964இலிருந்து நிலைத்திருக்கும் சட்டம். அதனால் இந்த ஒரு சாவடியை மட்டும் வைத்துக்கொண்டு மனு போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே 50 ஓட்டு வேறு தொகுதியில் மலையாக இருந்திருக்கும். 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49. அங்கே தோற்ற அப்பாவு போட்ட வழக்கில் கேள்வி இயந்திரத்தைவிடத் தபால் வாக்குகளைப் பற்றியது. தலைமை ஆசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். அவற்றையும், 19, 20, 21ஆம் சுற்றுகளின் இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021இல் அந்தச் சட்டமன்றமே முடிந்தபோதும் முடிவு வைத்த உறை பிரியவில்லை.

ஆகவே உங்களுக்கு இருக்கும் வேலை இது. உங்கள் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு சாவடியிலும் 17சி நகல் வாங்கியிருப்பார்கள், வாங்காமல் விட்டவர்களும் இருப்பார்கள். கிடைத்ததையெல்லாம் சேருங்கள். படிவம் 20 என்று இறுதி முடிவுத் தாள் ஒன்று உண்டு, சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அதைப் போடுவார்கள். ஒவ்வொரு சாவடிக்கும் 17சி மொத்தத்தையும் படிவம் 20இன் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் ஐந்தொகை இடித்தால் பெட்டியடியில் உட்கார்ந்து சிட்டையையும் பேரேட்டையும் வரி வரியாக ஒப்பிடுவார்கள் அல்லவா, அதே வேலைதான். நாலு படித்த பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். ஒத்துவராத சாவடிகளின் வித்தியாசங்களைக் கூட்டினால் 611ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. அன்று மாலையே கிளம்பி வாருங்கள்.

இப்படிச் சாவடியும் எண்ணுமாகப் போனவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். ஹரியானாவில் பானிப்பட் பக்கம் புவானா லாகூ என்ற கிராமத்தில் 2022 நவம்பரில் ஊராட்சித் தலைவர் தேர்தல். ஒரு சாவடியில் இரண்டு வேட்பாளர்களின் ஓட்டை மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது தோற்றவரின் புகார். எந்தச் சாவடி, எந்தக் கணக்கு என்று விடாமல் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். இயந்திரங்களை டெல்லிக்கே கொண்டுவரச் சொல்லி, நீதிமன்ற வளாகத்திலேயே பதிவாளர் எண்ணினார். 1,051க்கு 1,000 என்று முடிவு தலைகீழானது. 2025 ஆகஸ்டில் தோற்றவர் தலைவரானார். இயந்திரத்துக்குள் ஓட்டு சரியாகவே இருந்தது, தாளில் எழுதிய கைதான் தவறியிருந்தது.

இயந்திரத்தையே எதிர்த்து ஜெயித்த வழக்கும் உண்டு. கேரளத்தின் பரவூரில் 1982இல் முதன்முதலாக 84 சாவடிகளில் 50இல் இயந்திரம் வைத்தார்கள். 123 ஓட்டில் தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, ஆணையம் தானாக இயந்திரம் கொண்டுவர முடியாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 50 சாவடிகளிலும் மறுதேர்தல் நடந்து ஜோஸ் ஜெயித்தார். இயந்திரம் கெட்டது என்று அதில் யாரும் நிரூபிக்கவில்லை, சட்டத்தில் இடமில்லை என்பதுதான் காரணம். பிறகு 61ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து 1989இலிருந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

மைத்துனரின் வீடியோவுக்கு வருகிறேன். அதை மனுவில் சேர்க்காதீர்கள். எடுத்தவர் யார், எந்தக் கருவியில் எடுத்தது, அதில் இருப்பது எந்த இயந்திரம் என்று எதுவும் தெரியாது. மின்னணுப் பதிவை ஆதாரமாகக் கொடுக்க உரியவரின் சான்றிதழ் வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வழக்கே மகாராஷ்டிரத் தேர்தல் வழக்குத்தான். முன்பு 65பி என்ற அந்தப் பிரிவு புதிய சாட்சியச் சட்டத்தில் 63 ஆகியிருக்கிறது. அதைவிட முக்கியம், ‘மெஷினை மாற்ற முடியும்’ என்ற வாதம் ஏற்கெனவே கேட்டு முடிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் வாக்குச்சீட்டுக்குத் திரும்பவும் முடியாது, எல்லாச் சீட்டையும் எண்ணவும் முடியாது என்றது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால் ஒரு தொகுதியில் 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்று ஒரு வழி திறந்துவிட்டது. அதற்கு முடிவு வந்து 7 நாள்தான் அவகாசம். கட்டணம் கேட்பவரே கட்ட வேண்டும், இயந்திரம் திருத்தப்பட்டது என்று தெரிந்தால் திரும்பக் கிடைக்கும். உங்கள் வேட்பாளருக்கு அந்த 7 நாள் முடிந்துவிட்டது. விவிபேட் சீட்டை ஒவ்வொரு சாவடியிலும் எண்ணினால் நாட்டுக்கு நல்லது, ஒருநாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று நினைப்பவன் நான். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடி என்ற 2019ஆம் ஆண்டு உத்தரவு எனக்குப் போதவில்லை. ஆனால் அது சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய பேச்சு. அதை உங்கள் மனுவுக்குள் கொண்டுவந்தால் கையில் இருக்கும் 742ம் 792ம் அதில் கரைந்துபோகும்.

ஜெர்மனியில் 2009இல் இந்தப் பெரிய கேள்வியே ஜெயித்தது. சாதாரணக் குடிமகன் தானே சரிபார்க்க முடியாத இயந்திரத்தில் ஓட்டுப் போடுவது அரசமைப்புக்கு விரோதம் என்று அந்த நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் 2005 தேர்தலை ரத்து செய்யவும் மறுத்தது, எண்ணிக்கை தவறியதற்குச் சான்று இல்லை என்று.

பேஸ்புக் வேண்டாம். அந்த அலுவலர் வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட உங்களிடம் ஒன்றுமில்லை. கிளியர் அழுத்த மறந்தது சாவடியில் இருந்தவர், மேசையில் சேர்த்தது இன்னொருவர். பெயர் போட்டு எழுதினால் மானநஷ்ட வழக்கில் நீங்கள் எதிரியாக நிற்பீர்கள், சிங்கப்பூரிலிருந்து யாரும் வந்து ஜாமீன் கொடுக்கப் போவதில்லை. அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தலுக்குப் பிறகு டொமினியன் என்ற நிறுவனத்தின் இயந்திரங்கள் ஓட்டை மாற்றின என்று ஒளிபரப்பியதற்காக, 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தத் தேர்தலை எதிர்த்துப் போட்ட வழக்குகள் நீதிமன்றங்களில் வரிசையாகத் தோற்றன.

வழக்குப் போட்டால் எத்தனை நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் சிவகங்கையிலேயே பாருங்கள். 2009 மக்களவைத் தேர்தலில் ப. சிதம்பரம் 3,354 ஓட்டில் வென்றதாக அறிவித்ததை எதிர்த்து ராஜ கண்ணப்பன் மனு போட்டார். 2012இல் உயர் நீதிமன்றம் சில குற்றச்சாட்டுகளை நீக்கிவிட்டு மற்றவற்றை விசாரிக்கலாம் என்றது. 2014இல் அந்த மக்களவையின் காலம் முடிந்தபோதும் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. மனு போடுவதானால் இதற்கும் தயாராகப் போங்கள்.

மனு போட்டாலும் போடாவிட்டாலும் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். தேர்தல் நடத்தும் அலுவலருக்கும், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும், சென்னையில் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். சாவடி எண், 17சி எண்ணிக்கை, மேசையில் கண்ட எண்ணிக்கை, அப்போது நீங்கள் சொன்னது, அவர்கள் சொன்னது, அவ்வளவுதான், கோபம் எதுவும் வேண்டாம். இயந்திரத்தையும் சீட்டுகளையும் எண்ணிக்கை மையத்தின் காட்சிப்பதிவையும் பாதுகாக்கச் சொல்லிக் கேளுங்கள். 45 நாளுக்குள் தேர்தல் மனு வராவிட்டால் காட்சிப்பதிவை அழித்துவிடலாம் என்று 2025இல் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. மறு எண்ணிக்கை கேட்டு உங்கள் வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ முடிவு அறிவிக்கும் முன் எழுத்தில் மனு கொடுத்தாரா என்பதையும் விசாரித்து வையுங்கள். கொடுத்திருந்தால் அதற்கு அலுவலர் காரணத்தோடு எழுதித் தந்த பதில் இருக்க வேண்டும், அதன் நகல் வேண்டும். வாயால் சொன்னோம் என்றால் நீதிமன்றத்தில் எடுபடுவது கஷ்டம்.

கையில் இருக்கும் 17சி நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கார்பன் எழுத்து வியர்வையில் அழிந்துவிடும். இன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். வரும்போது அதையும், சேர்த்த மற்ற 17சிகளையும், படிவம் 20இன் அச்சுப்படியையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் வேட்பாளரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.